பல்கலைக்கழகக் கணக்குக்குள் நுழைய முடியவில்லையா? பாஸ்கீக்கும் பாதுகாப்புச் சாவிக்கும் மாறுவோருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பில் பழைய வழிகளை ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, தொலைபேசி அழைப்பு, ‘சம்மதம்’ என்று தட்டினாலே திறந்துவிடும் அறிவிப்பு ஆகியவை விடைபெறுகின்றன. அவற்றின் இடத்துக்கு எண் கேட்கும் அறிவிப்பும், பாஸ்கீயும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ சேமித்து வைக்கும் மின்னணுச் சாவி), யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் (அதே வேலையைச் செய்யும் சிறு கருவி) வருகின்றன. மாற்றம் நடக்கும் வாரங்களில் ஐடி உதவி மையத்தின் முன்னால் வரிசை நீளும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய மாணவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை கெடுபிடி என்ற கேள்விக்கு ஓர் உதாரணம் போதும். சம்பளத் திருட்டுக் கும்பல் ஒன்றைப் பற்றி 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு மார்ச் முதல் 3 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகளை அந்தக் கும்பல் கைப்பற்றியது. அவற்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்கு மோசடி மின்னஞ்சல்களை அனுப்பியது. கணக்குக்குள் புகுந்ததும் ஊழியர் விவரப் பக்கத்துக்குப் போய், சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கை மாற்றினார்கள். மாற்றம் பற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல் கண்ணில் படுவதற்குள் தானாக அழிந்துபோகும்படி அஞ்சல் பெட்டியில் விதியும் எழுதி வைத்தார்கள். ஆசிரிய உதவியாளராக மாதச் சம்பளம் வாங்கி வாடகை கட்டும் மாணவருக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. பிடுங்கப்பட்ட கணக்குகளில் சரிபார்ப்பே இல்லாதவையும் இருந்தன. ஓடிபியைப் போலிப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தவர்களின் கணக்குகளும் இருந்தன.

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் ஒரு விதி பொருந்தும். வலுவான வழி மறுத்தவுடன் ‘வேறு வழியில் முயல்க’ என்ற இணைப்பை அழுத்தி, பலவீனமான வழிக்கு இறங்காதீர்கள். மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

ஆறு இலக்கக் குறியீடு ஒவ்வொரு முறையும் தவறு என்கிறது

பெரும்பாலும் உங்கள் போனின் கடிகாரம்தான் காரணம். கூகுள் அத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் அத்தென்டிகேட்டர் போன்ற செயலிகள் பதிவின்போது பெற்ற ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒரு புதிய எண்ணைக் கணக்கிடுகின்றன. சர்வரும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டு பக்கமும் நேரம் ஒத்திருந்தால்தான் விடை ஒத்துவரும். ஒரு கட்டம் முன்னே பின்னே இருந்தால் சர்வர் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஏற்காது.

புதிதாக வந்தவர்களிடம் இந்தக் கோளாறு ஒரே மாதிரிதான் நேர்கிறது. சென்னையிலிருந்து சிகாகோ வந்திறங்குகிறார்கள். உள்ளூர் சிம் இன்னும் கிடைக்கவில்லை; போன் இன்னும் இந்திய நேரத்தையே காட்டுகிறது. அமைப்புகளுக்குப் போய் மணியை மட்டும் கையால் திருப்பி வைக்கிறார்கள். நேர மண்டலம் இந்தியாவிலேயே நிற்கிறது. திரையில் உள்ளூர் மணி சரியாகத் தெரியும். ஆனால் போன் தன் உள்கணக்கில் உலக நேரத்தைப் பத்தரை மணி நேரம் பிசகாக வைத்திருக்கும். அது தரும் எண் எதுவும் செல்லாது.

தீர்வு: தேதி, நேரம் பக்கத்தில் ‘தானாக அமை’ என்பதையும், நேர மண்டலத்துக்கு உள்ள தானியங்கித் தேர்வையும் இயக்குங்கள். வைஃபையில் இணையுங்கள். செயலியை மூடித் திறந்து, எண் புதிதாக மாறும் வரை காத்திருந்து அடியுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் செயலியில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கை மறுபடி பதிவு செய்தவர்களிடம் பழைய பதிவு அழியாமல் கிடக்கும். பலர் அதன் எண்ணையே அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பல்கலைக்கழகம் கொடுத்த, பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் சிறு டோக்கனில் கோளாறு வேறு விதம். சில வகைகள் நேரத்தைப் பார்ப்பதில்லை, அழுத்திய தடவைகளையே எண்ணுகின்றன. சட்டைப்பையில் வேறு பொருள்கள் பட்டுப்பட்டு அழுந்தினால் டோக்கன் சர்வரை விட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிடும். அடுத்தடுத்து மூன்று எண்களை எடுத்து வரிசையாக முயன்றால் பல அமைப்புகளில் இரண்டும் மறுபடி ஒத்துப்போகும். இல்லையென்றால் உதவி மையம் ஒத்திசைத்துத் தரும்.

போனுக்கு அறிவிப்பு வரவே இல்லை

முதலில் செயலியைக் கையால் திறந்து, திரையைக் கீழே இழுத்துவிடுங்கள். காத்திருக்கும் கோரிக்கை பெரும்பாலும் அப்போதே தெரியும். தெரிந்தால் இணையம் சரி, அறிவிப்பு அனுமதிதான் சிக்கல். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் இருக்கிறதா, செயலிக்கு அறிவிப்பு அனுமதி உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் அதிகம் விற்கும் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பேட்டரி சேமிப்பு மிகக் கண்டிப்பானது. சில மணி நேரம் தொடாத செயலியைத் தூங்கவைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ‘ஆட்டோஸ்டார்ட்’ இருந்தால் அதையும் இயக்குங்கள்.

அறிவிப்பு வருகிறது, ஆனால் ஏதோ எண் கேட்கிறது என்பவர்களுக்கு: அந்த எண் கணினித் திரையில் இருக்கிறது. அதைப் பார்த்துப் போனில் அடிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2023 மே மாதத்தில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அங்கே இரண்டு இலக்கம். டுவோ என்ற சரிபார்ப்புச் செயலியில் மூன்று முதல் ஆறு இலக்கம் வரை வரும். போனிலேயே உள்நுழைபவர்கள் உலாவியில் தெரியும் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு செயலிக்குத் தாவ வேண்டும். இது சிரமம்தான். ஒரே போனில் வேலை செய்பவர்களுக்குப் பாஸ்கீயே வசதி.

நான் எதுவும் செய்யவில்லை, அறிவிப்பு மட்டும் வருகிறது

இது கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கடவுச்சொல் இன்னொருவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள். ‘மறு’ என்பதைத் தட்டுங்கள். மோசடி என்று புகார் செய்யும் தேர்வு இருந்தால் அதையும் தட்டுங்கள். பிறகு பல்கலைக்கழக முகவரியை நீங்களே உலாவியில் அடித்துப் போய், கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

நள்ளிரவில் அடுக்கடுக்காக வரும்போது, தொல்லை தாங்காமல் ஒருமுறை சம்மதம் தட்டிவிடத் தோன்றும். அதைத்தான் எதிர்பார்த்து அனுப்புகிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் இதையே செய்தான். ஓர் ஒப்பந்த ஊழியருக்கு மேல்மேலும் அறிவிப்புகள் போயின. பிறகு ‘நான் ஐடி பிரிவிலிருந்து பேசுகிறேன், சம்மதம் கொடுத்தால் தொல்லை நிற்கும்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் போனது. அவர் சம்மதம் கொடுத்தார். எண் கேட்கும் முறை இருந்தால் அரைத்தூக்கத்தில் தட்டிச் சம்மதம் தர முடியாது. ஆனால் யாராவது தொலைபேசியில் அழைத்து ‘இந்த எண்ணை அடியுங்கள்’ என்றால் அதுவும் உடையும். எந்த உதவி மையமும் உங்களை அழைத்து எண் சொல்லி அடிக்கச் சொல்லாது.

குறுஞ்செய்தித் தேர்வு காணவில்லை, அல்லது ஓடிபி இந்திய எண்ணுக்குப் போகிறது

தேர்வு காணாமல் போயிருந்தால் அதைப் பல்கலைக்கழகமே நிறுத்தியிருக்கும், திரும்ப வராது. செயலியையோ பாஸ்கீயையோ பதிவு செய்யுங்கள்.

இந்திய எண்ணை நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்தியாவில் ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பிறகு அதே எண் வேறொருவருக்கு விற்பனையாகும். உங்கள் பல்கலைக்கழகக் கணக்கின் ஓடிபி அவர் போனில் ஒலிக்கும். ஊரில் அப்பாவிடம் சிம்மைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அழைத்து ஓடிபி கேட்டு வாங்குபவர்களும் உண்டு. இங்கே பகல் என்றால் அங்கே நள்ளிரவு. அவரை எழுப்ப வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், ஓடிபியைப் போனில் சொல்வது சாதாரணம் என்ற பழக்கம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து இந்திய எண்ணை நீக்கிவிடுங்கள். வங்கிக்காக வைத்திருங்கள், அதோடு போதும்.

போன் மாற்றினேன், புதுப் போனில் கணக்கு இல்லை

பழைய போன் இன்னும் கையில் இருந்தால் கவலையில்லை. அதை வைத்து உள்நுழைந்து, சாதனங்கள் பக்கத்தில் புதுப் போனைச் சேர்த்து, ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலில் பழையதை அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். தள்ளுபடி விலைக்காகப் பழைய போனைக் கடையில் கொடுப்பதற்கு முந்தின நாளே இதைச் செய்யுங்கள்.

காப்புப் பிரதி எடுத்திருந்தேனே என்பவர்களுக்கு: கூகுள் அத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலுக்குப் பிறகு குறியீடுகளைக் கூகுள் கணக்கில் ஒத்திசைக்கும், ஆனால் நீங்கள் அதை இயக்கியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் செயலியில் பல்கலைக்கழகக் கணக்கின் பெயர் திரும்ப வந்தாலும், அதில் மறுபடி உள்நுழைந்து உறுதி செய்யாமல் அறிவிப்பு வராது. பெயரைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

‘இந்தச் சாதனத்தில் பாஸ்கீ இல்லை’ என்கிறது

பாஸ்கீ இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. ஐபோனிலோ மேக்கிலோ உருவாக்கியது வழக்கமாக ஐகிளவுட் கீசெயினில் இருக்கும். ஆண்ட்ராய்டில் உருவாக்கியது வழக்கமாகக் கூகுள் கடவுச்சொல் மேலாளரில் இருக்கும். விண்டோஸ் ஹலோவில் வைத்தது அந்தக் கணினியோடே நிற்கும், லேப்டாப்பை மாற்றினால் உங்களோடு வராது. குரோமில் சொந்தக் கணக்குக்கு ஒன்று, பல்கலைக்கழகக் கணக்குக்கு ஒன்று என இரண்டு சுயவிவரங்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றில் சேமித்துவிட்டு மற்றொன்றில் தேடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

நூலகக் கணினியில் போனின் பாஸ்கீயைப் பயன்படுத்த, திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்த பிறகு சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால், புளூடூத்தைப் பாருங்கள். கணினியிலும் போனிலும் புளூடூத் இயங்க வேண்டும், இரண்டிலும் இணையம் வேண்டும். ஜோடி சேர்க்கத் தேவையில்லை. போன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைக் கணினி புளூடூத் வழியாக உறுதி செய்துகொள்கிறது. வேறு ஊரில் இருப்பவன் ஒரு கியூஆர் படத்தை உங்களுக்கு அனுப்பி ஸ்கேன் செய்யவைத்துத் தன் கணினியைத் திறந்துகொள்ள முடியாதபடி தடுப்பது இதுவே. ஆய்வகக் கணினிகள் பலவற்றில் புளூடூத் இருக்காது. அங்கே யுஎஸ்பி சாவியே வழி.

நேற்று வேலை செய்த பாஸ்கீ இன்று இந்தப் பக்கத்தில் அசையவே இல்லை

இந்த அறிகுறியில் நிதானம் வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் அழுத்திச் சொல்வேன்.

பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் பதிவான இணையத்தள முகவரியோடு பிணைக்கப்பட்டவை. நீங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரியை உலாவி சரிபார்க்கிறது. அது வேறு தளம் என்றால் சாவி பதிலே தராது. போலிப் பக்கம் கண்ணுக்கு எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், சின்னமும் நிறமும் அப்படியே இருந்தாலும், சாவி ஏமாறாது. ஓடிபியில் இந்தக் காவல் கிடையாது. நடுவில் நிற்கும் போலிப் பக்கம் நீங்கள் அடித்த ஆறு இலக்கத்தை அதே 30 விநாடிக்குள் உண்மையான தளத்தில் தானே அடித்து உள்ளே போய்விடும்.

2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு மோசடிக் குறுஞ்செய்தி போனது. மூன்று பேர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை அடித்தேவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் பாதுகாப்புச் சாவி கட்டாயம் என்பதால் திருடனால் மேலே நகர முடியவில்லை. ஏறத்தாழ அதே நாட்களில் அதே மாதிரித் தாக்குதலில் ட்விலியோ நிறுவனம் சிக்கியது. இரண்டு நிறுவனங்களிலும் ஏமாந்த ஊழியர்கள் இருந்தார்கள். சாவி இருந்த இடத்தில் ஏமாந்தவரும் தப்பினார்.

ஆகவே சாவி மௌனமாக இருந்தால் முதலில் முகவரிப் பட்டையைப் படியுங்கள். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பு வழியாக வந்தீர்களா? தாவலை மூடுங்கள். புதுத் தாவலில் பல்கலைக்கழக முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். அங்கே பாஸ்கீ உடனே வேலை செய்தால், மூடிய பக்கம் போலியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மின்னஞ்சலை உதவி மையத்துக்கு அனுப்புங்கள். இதே இடத்தில் ‘பாஸ்கீ தற்காலிகமாக இயங்கவில்லை, குறியீட்டை அடியுங்கள்’ என்று ஒரு பக்கம் சொன்னால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். வலுவான பூட்டை உடைக்க முடியாதவன் உங்களைப் பலவீனமான கதவுக்கு அழைக்கிறான்.

உண்மையான தளத்திலேயே அசையவில்லை என்றால் மட்டும் உலாவியைப் புதுப்பிப்பது, மறைமுகச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) மூடிவிட்டுச் சாதாரணச் சாளரத்தில் முயல்வது ஆகியவற்றுக்குப் போங்கள்.

யுஎஸ்பி சாவியைக் கணினி கண்டுகொள்ளவில்லை

செருகினால் மட்டும் போதாது. பக்கம் கேட்கும்போது சாவியின் உலோகப் பகுதியை விரலால் தொட வேண்டும். விளக்கு மின்னும்போது தொடுங்கள், அழுத்தத் தேவையில்லை. போனில் என்எஃப்சி (அருகில் வைத்தாலே இணையும் வசதி) வழியாகப் பயன்படுத்தினால், ஐபோனின் மேல் விளிம்பில் வைத்துச் சில நொடி அசையாமல் பிடியுங்கள். ஆண்ட்ராய்டில் இடம் போனுக்குப் போன் மாறும். பின்புறத்தில் நடுவிலிருந்து மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

யூபிகோ நிறுவனத்தின் யூபிகீ 5 வகைச் சாவி வைத்திருப்பவர்கள் தவறுதலாகத் தொட்டால், திறந்திருக்கும் எந்தப் பெட்டியிலும் 44 எழுத்துகள் கொண்ட புரியாத சொல் ஒன்று விழும். அதன் தொடக்கத்தில் ஆங்கில ‘சி’ எழுத்து வரிசையாக நிற்கும். வகுப்பின் அரட்டைக் குழுவில் இப்படி விழுந்ததைப் பார்த்துக் கணினியில் வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து ஓடிவருபவர்கள் உண்டு. அது சாவியில் உள்ள பழைய வகை ஒருமுறைக் குறியீடு. பயப்பட ஒன்றுமில்லை, அழித்துவிடுங்கள். அந்த வசதியை யூபிகோவின் செயலியில் அணைத்தும் வைக்கலாம்.

சாவியின் பின் (PIN) எண்ணில் மட்டும் விளையாடாதீர்கள். மூன்று முறை தொடர்ந்து தவறினால் சாவியைக் கழற்றிச் செருகச் சொல்லும். மொத்தம் எட்டு முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு மீட்டமைக்கத்தான் முடியும், அதில் பதிவான எல்லாமே அழியும். மூன்றாவது தவறோடு நிறுத்திவிட்டு, எந்தப் பின் வைத்தோம் என்று யோசியுங்கள். கணினியின் பின், போனின் பின், சாவியின் பின் மூன்றும் வெவ்வேறு. பலர் விண்டோஸ் பின்னை இங்கே அடித்துக்கொண்டிருப்பார்கள்.

டெர்மினலிலும் கோப்பு மாற்றத்திலும் அறிவிப்பு மழை

ஆராய்ச்சி மாணவர்களின் தனித் தலைவலி இது. உயர்திறன் கணினித் தொகுதிக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் கட்டளை அடித்து வேலை செய்யும் இணைப்பு) வழியாகப் போகும்போது அங்கே உலாவி கிடையாது, பாஸ்கீக்கு இடமில்லை. டுவோ உள்ள இடங்களில் ‘பாஸ்கோடு அல்லது தேர்வு’ என்று கேட்கும். 1 அடித்தால் பொதுவாக முதல் சாதனத்துக்கு அறிவிப்பு போகும், இல்லையென்றால் செயலியில் உள்ள எண்ணை நேரே அடிக்கலாம்.

கோப்புகளை மாற்ற உதவும் ஃபைல்ஜில்லா செயலி ஒவ்வொரு கோப்புக்கும் புது இணைப்பு திறக்கப் பார்க்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அறிவிப்பு. தள மேலாளரில் உள்நுழைவு வகையை ‘இன்டராக்டிவ்’ ஆக்கி, ஒரே நேர இணைப்புகளை 1 என்று வரம்பிடுங்கள். லினக்ஸ், மேக் பயனர்கள் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் கன்ட்ரோல்மாஸ்டர், கன்ட்ரோல்பெர்சிஸ்ட் இரண்டையும் இயக்கினால், ஒருமுறை திறந்த இணைப்பையே அடுத்தவையும் பயன்படுத்தும். விண்டோஸின் சொந்த எஸ்எஸ்ஹெச் இதை ஆதரிப்பதில்லை, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் செய்யலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதை இயக்காதீர்கள்.

வசதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வைஃபை விட்டுவிட்டு வரும்போதெல்லாம் தானாக மறுஇணைப்பு கேட்கும் நிரல் எடிட்டர் ஒன்று, ஒரு நாளில் எத்தனையோ அறிவிப்புகளைத் தள்ளும். பார்க்காமலே சம்மதம் தட்டும் விரல் அப்படித்தான் பழகுகிறது.

மின்னஞ்சல் செயலி கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

தண்டர்பேர்டு போன்ற செயலிகளில் கணக்கின் சர்வர் அமைப்பில் அங்கீகார முறையை ‘ஓஆத்2’ (உலாவிப் பக்கத்தில் உள்நுழைந்து செயலிக்கு அனுமதி தரும் முறை) என்று மாற்றுங்கள். மைக்ரோசாஃப்டின் பல்கலைக்கழக அஞ்சலில் வெறும் கடவுச்சொல்லை ஏற்கும் பழைய முறை 2022 அக்டோபரிலிருந்து மூடப்பட்டது. அனுப்பும் சர்வருக்கும் தனியாக மாற்ற மறக்காதீர்கள். பல்கலைக்கழகங்களின் பொது வைஃபையான எட்யுரோம் விட்டுப்போனால் அதற்கும் சரிபார்ப்புக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. கடவுச்சொல்லை மாற்றியதால் வந்தது. அந்த வலையமைப்பை மறக்கச் செய்து மீண்டும் இணையுங்கள்.

‘இந்தச் சாதனத்தை நினைவில் கொள்’ என்று தேர்ந்தெடுத்தும் தினமும் கேட்கிறது

உலாவி மூடும்போது குக்கீகளை அழிக்கிறது, அல்லது மறைமுகச் சாளரத்தில் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகத் தளத்தை மட்டும் விதிவிலக்காகச் சேருங்கள்.

சாதனப் பட்டியலில் எனக்குத் தெரியாத போன் ஒன்று இருக்கிறது

உடனே தொலைபேசியை எடுத்து உதவி மையத்தை அழையுங்கள். தொடக்கத்தில் சொன்ன சம்பளத் திருடர்கள் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கில் தங்கள் போன் எண்ணையே சரிபார்ப்புச் சாதனமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நுழைய உரியவரின் சம்மதம் தேவைப்படவில்லை. கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. அந்தச் சாதனத்தை நீக்க வேண்டும், திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் வெளியேற்ற வேண்டும், அஞ்சல் பெட்டியில் நீங்கள் எழுதாத விதிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், சம்பள வங்கிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைகளை உதவி மையத்தோடு சேர்ந்தே செய்யுங்கள்.

எதுவுமே இல்லை, போன் தொலைந்துவிட்டது

பதிவின்போது அச்சடித்த மாற்றுக் குறியீடுகள் இருந்தால் ஒன்றை அடித்து உள்ளே போய், முதல் வேலையாகத் தொலைந்த போனைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் மாணவர் அட்டையோடு உதவி மையத்துக்கு நேரில் போங்கள். விடுமுறையில் ஊரில் இருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டி வீடியோ அழைப்பில் அடையாளம் உறுதி செய்வார்கள். கேள்விகள் அதிகம் கேட்டால் கோபப்படாதீர்கள். உங்கள் பெயரில் வேறொருவர் அழைத்து அழுதாலும் அவர்கள் அதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

கணக்கு திரும்பியதும் அங்கேயே நின்று இரண்டு வழிகளைப் பதிவு செய்யுங்கள்: புதுப் போனில் ஒரு பாஸ்கீ, அதோடு ஒரு யுஎஸ்பி சாவி. சாவியைப் போனோடு ஒரே பையில் வைக்காதீர்கள். தேர்வு நாட்களில் போனை வெளியே வைக்கச் சொல்லும் அரங்குகளில் அந்தச் சாவியை அனுமதிப்பார்களா என்று பேராசிரியரிடம் முந்தின வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.